செய்யாமல் விட்டுட்டு ஏதும் நடந்தால்?

எங்கட வீட்டில் கடைசியாக அடகுக்குப் போனது அம்மாவின் இரண்டு காப்புகள். வீடு திருத்தவும் இல்லை, என்ர படிப்புக்கும் இல்லை, ஆசுப்பத்திரிச் செலவுக்கும் இல்லை. அக்காவின் செவ்வாய்க்கு.

அக்காவுக்கு வயது 34. வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறா. 24 வயதில் முதல் பேச்சுக்கால் வந்தது. அதிலிருந்து ஆறு இடம் வந்து போயிற்று. ஆறு இடத்திலும் ஒரே கதைதான். பெட்டையைப் பிடிக்கும், குடும்பத்தைப் பிடிக்கும், பிறகு குறிப்புப் போகும், "ஏழில செவ்வாயாம்" என்று புறோக்கர் வந்து சொல்லுவார். இப்ப ஒரு சாத்திரியார், ஓமம் ஒன்று செய்து தகடு ஒன்றை வாசற்படிக்குக் கீழ தாட்டால் ஒரு வருசத்துக்குள் சரிவரும் என்று சொல்லியிருக்கிறார். 85,000 ரூபா. காப்புப் போனது அதற்குத்தான்.

நான் கேட்டேன். "அம்மா, நீங்கள் கடவுளை நம்புறீங்களோ இல்லையோ?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கந்தசட்டி ஆறு நாளும் பிடிக்கிறன். என்னைப் பார்த்தோ கேக்கிறாய்?" என்றா. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னா. "நம்பிக்கை இருக்கு தம்பி. ஆனா செய்யாமல் விட்டுட்டு ஏதும் நடந்தால்?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியோடு சண்டை பிடிப்பதற்காக எழுதப்படுகிறது. அம்மாவோடு இல்லை. நான் கடவுள் மறுப்பாளனும் இல்லை. எங்கட ஒழுங்கைமுகப்பில் இருக்கிற வைரவர் சூலத்துக்குக் கற்பூரம் கொளுத்தாமல் சோதனை மண்டபத்துக்குப் போனவன் இல்லை நான். நம்புகிறவன் என்ற இடத்தில் நின்றுதான் சொல்கிறேன்: "செய்யாமல் விட்டுட்டு ஏதும் நடந்தால்" என்பது பக்தியின் கேள்வி இல்லை. அது பயத்தின் கேள்வி. எங்கட ஊரில் பயம் திருநீறு பூசிக்கொண்டு வருகிறது, செபமாலை போட்டுக்கொண்டு வருகிறது, ஓதின நூல் கட்டிக்கொண்டு வருகிறது. நாங்களும் எழும்பிக் கதிரை குடுத்து இருத்துகிறோம்.

ஒருக்கா எண்ணிப் பார்ப்பம்

சாத்திரம் சரியோ பிழையோ என்று இங்கே விவாதிக்கப் போவதில்லை. சாத்திரத்தின் சொந்தக் கணக்கையே எடுப்போம்.

சனி சூரியனை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 29½ வருசம். பன்னிரண்டு ராசி. ஆகவே ஒரு ராசியில் இரண்டரை வருசம். உங்கட ராசிக்கு முந்தினது, உங்கட ராசி, அடுத்தது என்று மூன்று ராசியில் சனி நிற்கிற காலம்தான் ஏழரைச் சனி. அப்படியென்றால் எந்த நாளிலும், எந்த வருசத்திலும், பன்னிரண்டு ராசியில் மூன்று ராசிக்காரருக்கு ஏழரை நடந்துகொண்டே இருக்கும். நாலு பேரில் ஒருவர். அது போதாதென்று எட்டில் நின்றால் அட்டமத்துச் சனி, ஏழில் நின்றால் கண்டகச் சனி, நாலில் நின்றால் அர்த்தாட்டமச் சனி. எல்லாம் கூட்டினால் ஆறு ராசி. அதாவது இந்த நிமிடத்தில் ஊரில் பாதிச் சனத்துக்குச் சனி பிழை. மற்றப் பாதிக்கு இன்னும் கொஞ்ச வருசத்தில் பிழைக்கும். இப்படி ஆள் குறையாத ஒரு வியாபாரத்தை யாழ்ப்பாணத்தில் வேறு எந்த முதலாளியாலும் நடத்த முடியாது.

செவ்வாயைப் பாருங்கள். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் நின்றால் தோசம் என்பது பொது விதி. பன்னிரண்டில் ஐந்து இடம். எல்லா இடத்திலும் சமமாக நிற்கும் என்று வைத்துக்கொண்டால் பத்துப் பேரில் நாலு பேருக்குத் தோசம். சில இடங்களில் சந்திரனிலிருந்தும் எண்ணுவார்கள். அப்படிப் பார்த்தால் மூன்று பேரில் இரண்டு பேர் தோசக்காரர். உடனே "விதிவிலக்கு இருக்கு, பரிகாரம் இருக்கு" என்பார்கள். இருக்கும்தானே. பூட்டை விற்கிறவரிடம்தான் திறப்பும் இருக்கும்.

இனி, நாங்கள் வாழ்ந்த காலத்தை எடுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது, அது ராசி பார்த்து வரவில்லை. 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் பன்னிரண்டு ராசிக்காரரும் ஒரே பங்கருக்குள் இருந்தார்கள். போர் முடிந்தபோது வடக்குக் கிழக்கில் பல்லாயிரம் பெண்கள் துணையை இழந்திருந்தார்கள். அவர்களில் கனபேருக்குப் பொருத்தம் பார்த்து, செவ்வாய்க்குச் செவ்வாய் சேர்த்து, முகூர்த்தம் பார்த்துத்தான் தாலி ஏறியது. அந்தக் குறிப்புகளைப் பொருத்திப் பார்த்தவர்களில் ஒருவராவது அந்தப் பெண்களின் வீட்டுக்குப் போய், நான் பார்த்தது பிழைத்துவிட்டது என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

கோள் பார்க்காத பிள்ளை

ஓமத்துக்குத் தேவையான சாமான் பட்டியலோடு சாத்திரியார் அம்மாவுக்கு இன்னொன்றும் சொல்லிவிட்டார். 48 நாள் கோளறு பதிகம் படிக்க வேணுமாம். கிரகதோசம் குறையுமாம்.

கோளறு பதிகம் பிறந்த கதையைச் சைவசமயப் பாடத்தில் எங்களில் கனபேர் படித்திருப்போம். சோதனைக்குப் பாடமாக்கிவிட்டு மறந்திருப்போம். சம்பந்தர் திருமறைக்காட்டில் நிற்கிறார். எங்கட கரையிலிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேதாரணியம்தான் அது. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார் மதுரைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்புகிறா. வயதில் மூத்த அப்பர் தடுக்கிறார். அங்கே உமக்கு எதிரிகள் இருக்கிறார்கள், இப்போது கோள்களின் நிலையும் நல்லதில்லை, போகவேண்டாம் என்கிறார். அன்போடு சொன்ன பயம் அது. சம்பந்தர் என்ன செய்தார்? பரிகாரம் செய்தாரா? நாள் தள்ளிப்போட்டாரா? சிவன் என் மனதில் இருக்கிறான், நாளும் கோளும் அடியாரை ஒன்றும் செய்யாது என்ற பொருளில் ஒரு பதிகத்தைப் பாடிவிட்டு, அதே நாளில், அதே கோளோடு, புறப்பட்டுப் போனார்.

(மதுரையில் பிறகு சமணருக்கு நடந்ததாகப் புராணம் சொல்லும் கழுவேற்றத்தை நான் கொண்டாடவில்லை. அது வேறு கட்டுரை. இங்கே நான் பேசுவது அவர் புறப்பட்ட அந்தக் கணத்தைப் பற்றி மட்டும்.)

கோளுக்குப் பயப்படாதே என்று சொல்வதற்காகப் பாடப்பட்ட பதிகம் அது. அதையே கோளுக்குப் பயந்தவர்கள் 48 நாள் படிக்கவேண்டிய பரிகாரமாக மாற்றிவிட்டோம். சங்கிலியை அறுக்கத் தந்த அரத்தை எடுத்துச் சங்கிலியிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

தடுத்த அப்பர் பயந்தாங்கொள்ளி என்றும் நினைக்கவேண்டாம். பல்லவ அரசன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றவர் அவர். நீற்றறையில் போட்டார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை விட்டார்கள், கல்லில் கட்டிக் கடலில் எறிந்தார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. கதையின் அற்புதங்களை நீங்கள் நம்பவேண்டும் என்றில்லை. எங்கட மரபு யாரைப் பெரியவர் என்று கும்பிட்டது என்பதை மட்டும் பாருங்கள். பயப்படாதவரை. அவருக்கு வீட்டில் படம் வைத்து மாலை போட்டுவிட்டு, புரட்டாதிச் சனிக்கு எள்ளுப் பொட்டலத்தோடு நடுங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம்.

மற்றப் பக்கமும் இதே கதைதான்

"உங்கட ஆக்களுக்குத்தான் இந்த மூடநம்பிக்கை" என்று கிறிஸ்தவ நண்பர்கள் சிரிக்கவேண்டாம். எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். வலிப்பு உள்ளவன். ஒரு செபக்கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அங்கே சொன்னது என்ன? உன் பரம்பரையில் ஒரு சாபம் இருக்கிறது, உன் பாட்டன் செய்த விக்கிரக வழிபாடு உன் நரம்பில் இறங்கியிருக்கிறது, குளிசை போடுவது விசுவாசக் குறைவு. அவன் குளிசையை நிப்பாட்டினான். மூன்றாம் கிழமை சைக்கிளில் போகும்போது வலிப்பு வந்து மதிலோடு அடிபட்டான். ஆசுப்பத்திரியில் ஏழு தையல். அவர்கள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "பாத்தீங்களே, சாபம் எவ்வளவு பலமா இருக்கு."

ஏழில் செவ்வாய்க்கும் பரம்பரைச் சாபத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று தமிழில் பஞ்சாங்கத்தோடு வருகிறது, மற்றது ஒலிபெருக்கியும் கீபோர்ட்டுமாக வருகிறது. இரண்டிலும் முதலில் ஒரு பயத்தை உங்களுக்குள் வைப்பார்கள். பிறகு அதை எடுக்கிறதுக்குக் காசு கேட்பார்கள். எடுபடாவிட்டால் உங்களில் பிழை.

வேதாகமத்தில் "பயப்படாதே" என்பது 365 தடவை வருகிறது, வருசத்தில் நாளுக்கொன்று என்று பிரசங்கத்தில் சொல்லுவினம். எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வராது. ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது என்பது உண்மை. ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்டது, மரியாளுக்குச் சொல்லப்பட்டது, இரவில் ஆடு காவல் காத்த மேய்ப்பருக்கும் சொல்லப்பட்டது. கடவுளிடமிருந்து வரும் ஆள் கதைக்கத் தொடங்குவதே அந்தச் சொல்லோடுதான். அப்ப, "பயப்படு" என்று கதையைத் தொடங்குகிற ஆள் யாரிடமிருந்து வந்தவர்?

நம்பினவை செத்துப் போச்சினமே

இந்த இடத்தில் என்னை நிப்பாட்டி நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமல் இந்த மண்ணில் யாரும் கடவுள் நம்பிக்கையைப் பற்றி எழுதக்கூடாது.

1995 யூலை 9. முன்னேறிப் பாய்தல் நடவடிக்கை தொடங்கின நாள். ஓடிவந்த சனம் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்து முருகன் கோயிலிலும் இருந்தது. கடவுளின் வீடு, அடிக்கமாட்டார்கள் என்று நம்பித்தான் இருந்தது. விமானம் குண்டு போட்டது. நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூறுக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்கட பெயரால் துவக்குத் தூக்கினவர்கள் செய்தது அது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து வெளியில் நின்ற பிள்ளைகள்.

மூன்று இடத்திலும் செத்தவர்கள் நம்பினவர்கள். கும்பிடுகிற நேரத்தில் செத்தவர்கள். அப்ப உன் நம்பிக்கை எங்கே என்று கேட்டால், என்னிடம் சுலபமான மறுமொழி இல்லை. "கடவுளின் திட்டம்" என்று யாராவது சொன்னால் எனக்கு வாயில் கெட்ட சொல் வருகிறது. ஒன்று மட்டும் சொல்வேன். நம்பினால் குண்டு விழாது என்று சொன்னவன் பொய் சொன்னான். நம்பிக்கையைக் காப்புறுதி மாதிரி விற்றவன் பொய் சொன்னான். அவன்தான் இன்றைக்குத் தகடு விற்கிறவன்.

என்ர அம்மா அந்த யூலை 9இல் அந்தப் பக்கத்தால் ஓடிவந்தவ. நாலு வயது அக்கா இடுப்பில். தேவாலயத்துக்குள் போய் இருப்பம் என்று வந்து, உள்ளே சனம் நெருக்கமாக இருக்கிறது, பிள்ளைக்கு மூச்சு முட்டும் என்று தள்ளி நடந்தவ. அவ தப்பினதுக்கு அவவுக்கு இன்றுவரை காரணம் தெரியாது. காரணம் தெரியாமல் தப்பினவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்தபடியால்தான் தப்பினோம், அது எது என்று தெரியாது, ஆகவே எல்லாவற்றையும் செய்துகொண்டே இருக்கவேணும் என்ற பயம். எங்கட பெற்றோர் தலைமுறையில் அரைவாசிப் பேர் இந்தப் பயத்தோடுதான் கோயில் வாசலில் நிற்கிறார்கள். அதனால்தான் அம்மாவோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் காயத்தைக் கண்டு, அதுக்கு விலை போட்டவர்களோடுதான் சண்டை.

அப்ப நம்பிக்கை எண்டால் என்ன?

முதலில், எது இல்லை என்று சொல்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு இருப்பது நம்பிக்கை இல்லை. இயேசுவைக் கோயில் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் சொன்ன கதை மத்தேயு சுவிசேசத்தில் இருக்கிறது. அவர் குதிக்கவில்லை. கடவுளைச் சோதித்துப் பார்க்காதே என்றார். ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனை நம்பி விடவா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் சொன்னதாக முஸ்லிம் நண்பர்கள் சொல்வார்கள். எங்கட அம்மம்மாவும் அதையேதான் வேறுமாதிரிச் சொன்னவ: "கிணத்துக்குக் கட்டுக் கட்டிப்போட்டு முருகா எண்டு சொல்லு." ஆகவே குளிசை போடுங்கள். தலைக்கவசம் போடுங்கள். படியுங்கள். பயம் உள்ள இடத்தில் கவனமாக இருங்கள். கவனம் வேறு, பயம் வேறு. கவனம் கிணற்றுக்குக் கட்டுக் கட்டும். பயம் கிணற்றுக்குத் தகடு கட்டும்.

எங்களால் ஆனதைச் செய்து முடித்த பிறகு மிச்சம் ஒரு இருட்டு இருக்கும். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத இருட்டு. அந்த இடத்தில் யாரோ ஒருவரின் கையைப் பிடிக்கத்தான் வேணும். பயத்தின் கையைப் பிடித்தால் அது உங்களைப் பின்னுக்கு இழுக்கும். கடவுளின் கையைப் பிடித்தால் இருட்டு இருட்டாகத்தான் இருக்கும், ஆனால் முன்னுக்குப் போகலாம். செய்யவேண்டிய சரியான காரியத்தைப் பயம் தடுக்க விடாமல் செய்வது. எனக்குத் தெரிந்த நம்பிக்கை இவ்வளவுதான்.

அப்படிச் செய்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டியில் தேவாலயத்தில் தஞ்சம் இருந்த சனத்தின்மேல் ஷெல் விழுந்தபோது, பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காயப்பட்டவர்களையும் மக்களையும் வெளியில் கொண்டுவர நின்றவர். ஆபத்து என்னவென்று அவருக்குத் தெரியும். ஆகஸ்ட் 20ஆம் திகதி திரும்பவும் அல்லைப்பிட்டிக்குப் போனார். அவரும் கூடப்போனவரும் இன்றுவரை திரும்பி வரவில்லை. நம்பிக்கை அவரைக் காப்பாற்றியதா என்று கேட்டால், இல்லை. ஆனால் அவர் காப்பாற்றப் போவதைப் பயத்தால் தடுக்க முடியவில்லை.

கிளிநொச்சிக்குப் போங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் குந்தினார்கள். வருசக்கணக்காக இருந்தார்கள். படம் எடுக்கிறவர்கள் எடுத்தார்கள், விசாரிக்கிறவர்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, மறுமொழி கிடைக்காமலே செத்துப்போன தாய்மார் பலர். அவர்களும் தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள். என்ர அம்மா உடைக்கிற அதே தேங்காய்தான். ஆனால் அது "எனக்கு ஒன்றும் நடந்துவிடக்கூடாது" என்று உடைத்த தேங்காய் இல்லை. நடந்துவிட்டது, அதுக்கு மறுமொழி சொல்லு என்று கடவுளுக்கும் அரசாங்கத்துக்கும் சேர்த்து உடைத்த தேங்காய். அந்தத் தாய்மாரில் ஒருவரைப் பார்த்து "அட்டமத்துச் சனி" என்று சொல்லிப் பாருங்கள், என்ன மறுமொழி வருகிறதென்று.

உன் பயத்துக்கு ஆர் காசு கட்டுறது?

"எனக்குக் கடவுளும் இல்லை, சாத்திரமும் இல்லை, எனக்கு ஏன் இதெல்லாம்" என்று கைபேசியைத் தள்ளுகிற தோழர்களே, கொஞ்சம் நில்லுங்கள். கடவுளை விட்டவர்கள் பயத்தை விட்டதாக நான் காணவில்லை. "சனம் என்ன கதைக்கும்" என்று காதலித்தவளின் சாதி கேட்டவுடன் காணாமல் போன பகுத்தறிவாளரை எனக்குத் தெரியும். மேடையில் பெரியாரைப் பேசிவிட்டு, "அம்மாவின்ர மனசு நோகும்" என்று குறிப்புப் பொருத்தம் பார்த்துக் கட்டினவரையும் தெரியும். அக்காவைப் பார்க்க வந்த ஆறு வீட்டில் மூன்று வீட்டுக்காரர் சொன்னது என்ன தெரியுமா? "எங்களுக்கு இதில பெரிய நம்பிக்கை ஒண்டும் இல்லை. ஆனா பிள்ளைக்கு ஏதும் நடந்தால்…"

இங்கேதான் நான் சொல்லவந்த விசயம் இருக்கிறது. பயம் உங்கட தனிப்பட்ட சொத்து இல்லை. உங்கட பயத்துக்கு எப்போதும் வேறு யாரோ ஒருவர்தான் காசு கட்டுகிறார். ஆறு வீட்டின் பயத்துக்கு அக்கா பத்து வருசம் கட்டியிருக்கிறா. ஒவ்வொரு முறையும் சீலை உடுத்து, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, பிறகு ஒரு பிழையும் செய்யாமல் குற்றவாளி மாதிரி நின்று.

இன்னும் பெரிய கணக்கும் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வடக்கு முழுவதிலிருந்தும் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படித் துரத்தப்பட்டார்கள். நான் அப்போது பிறக்கவும் இல்லை. துவக்குக்கு முன்னால் நின்று பார்க்காத நான், நின்றவர்களை ஏசமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கலாம்தானே. நல்லூரும் மாவிட்டபுரமும் இருந்த ஊர். ஒழுங்கைக்கு ஒழுங்கை தேவாலயம் இருந்த ஊர். இவ்வளவு பக்தி உள்ள ஊரில் அன்றைக்குப் பெரும்பாலானவர்களின் வாயை மூடியது எது? கடவுள் இல்லையே. செவ்வாய்க்கே பயப்படப் பழக்கப்பட்ட சனம், துவக்குக்குப் பயப்படாமல் இருக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது? சின்னப் பயங்களைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் பெரிய பயம் வரும்போது எழும்பி நிற்கமாட்டார்கள். இதற்கு ஒரு பழக்கம் வேணும். அந்தப் பழக்கத்தைத்தான் கோயில் தரவேண்டும், தேவாலயம் தரவேண்டும். அவை அதைத் தராமல் ரசீது மட்டும் தருகின்றன.

ஆகவே என்ர கோரிக்கை சின்னது. கோயிலை விடச் சொல்லவில்லை. விரதத்தை விடச் சொல்லவில்லை. மனதில் அன்பு வந்து போனால் போங்கள், நன்றி சொல்லப் போங்கள், அழ இடம் இல்லாமல் போங்கள், சண்டை பிடிக்கவும் போங்கள். ஆனால் "செய்யாமல் விட்டுட்டு ஏதும் நடந்தால்" என்ற ஒரே காரணத்துக்காக ஒரு காரியத்தைச் செய்யப் போகிறீர்கள் என்றால், அன்றைக்கு அதைச் செய்யாமல் விடுங்கள். ஒருநாள் விட்டுப் பாருங்கள். அந்த இரவு நித்திரை வராது, எனக்குத் தெரியும். அந்த நித்திரை வராத இரவில்தான் நீங்கள் உண்மையாகவே கடவுளோடு கதைக்கத் தொடங்குவீர்கள். பெடியள், உங்களுக்குத் தனியாக ஒன்று: பெண் பார்க்கப் போகும்போது குறிப்பைக் கேட்காதீர்கள். வீட்டில் கேட்டால் தர மறுத்துவிடுங்கள். "அம்மாவின்ர மனசு" என்று உங்கட பயத்துக்கு அம்மாவின் பெயரை வைக்காதீர்கள்.

எங்கட வீட்டில் ஓமம் நடந்தது. தகடு இப்பவும் வாசற்படிக்குக் கீழதான் கிடக்கிறது. ஒரு வருசமும் இரண்டு மாதமும் ஆகிறது. காப்பு இன்னும் மீளவில்லை, மாதாமாதம் வட்டி போகிறது. போன மாதம் அக்கா லீவில் வந்து நின்றபோது அம்மாவிடம் சொன்னா: "அம்மா, இனி ஆரும் கேட்டால் குறிப்பு இல்லை எண்டு சொல்லுங்கோ. இடம்பெயர்வில துலைஞ்சு போச்சு எண்டு சொல்லுங்கோ. அதுக்குப் பிறகும் வாறவன் வரட்டும். வராட்டில் நான் படிப்பிச்சுக்கொண்டு இருப்பன்." அம்மா மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்ச் சாமி விளக்குக்கு எண்ணெய் விட்டா.

வியாழக்கிழமை சாத்திரியாரின் கோல் வந்தது. இன்னொரு பரிகாரம் இருக்கிறது என்று முந்தியே சொல்லி வைத்திருந்தவர். போன் மேசையில் கிடந்து அடித்தது. அம்மா பார்த்துக்கொண்டு நின்றா. எடுக்கவில்லை.